பொம்மிடியில் ஒரு விசாரணை

நல்லம்பள்ளி முனிராஜ், அந்தி சாய்ந்த பின்பும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். எவ்விடத்தும் சுவரில் முதுகு படும்படியே அமர்வார். தம்மைப் பற்றி யாதொன்றும் உரையார். பிறரைப் பற்றி யாவற்றையும் வினவுவார். தபால் வழியாகத் துப்பறியும் கலை பயின்று சான்றிதழ் பெற்ற அவர், அதுகாறும் கண்டுபிடித்தது ஓர் எருமையை மட்டுமே. அதுவும் வீடு திரும்பும் வழியில் எதிர்ப்பட்டது.

1984-ஆம் ஆண்டுத் தை மாதத்தில், தூரத்து உறவினளான கம்பைநல்லூர்ச் செல்லம்மாள் அழுதுகொண்டே வந்தாள்.

"மாமா, எந்தம்பி மாதையனக் காணோமுங்க! திங்கக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வெக்காம எப்பிடிங்க குத்தறது? எம் மாமியா ஊரக் கூட்டி மானத்த வாங்கிடுவா."

"சண்டை ஏதாவது?"

"சேச்சே!" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பன்னா கடத்தல்தான்" என்றார் முனிராஜ். செல்லம்மாளின் அழுகை இரட்டித்தது.

முனிராஜ் நேரில் கண்டிராத மாதையனைப் பொம்மிடி ரயில் நிலையத்தருகே கண்டதாக ஒரு செய்தி கிட்டவே, அவர் அங்கே சென்று தங்கினார். முதலில் அன்வர் பாஷாவின் சைக்கிள் கடையில் நுழைந்தார்.

"மாதையன்னு ஒருத்தர். ஆளு எப்பிடி?"

அன்வர் பாஷா அவருடைய சலவைச் சட்டையை ஏற இறங்க நோக்கினார். முகம் மலர்ந்தது.

"தங்கமான புள்ளைங்க! பீடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது."

"இப்ப எங்க இருக்காரு?"

"வூட்டத் தவிர எங்கயும் போகமாட்டாருங்க."

"வூட்லதான் இல்லியே!"

"அப்பன்னா கோயிலுக்குப் போயிருப்பாருங்க."

அடுத்து, தேநீர்க்கடைப் பெரியம்மாள்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"மோரு கூடக் குடிக்காதுங்க அந்தத் தம்பி!"

"யாரு கூடச் சுத்தறாரு?"

"ஐயய்யோ, பொம்பளைங்கள நிமிந்து கூடப் பாக்காது!"

ஊர் முழுவதும் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்தது. ஆகவே, கடத்தல் கும்பல் ஊரளவு பெரியது என்று முனிராஜ் முடிவு செய்தார். சாட்சிகளை அன்பளிப்பால் வசப்படுத்துக என்பது அவர் பயின்ற பாடம். மறுநாள் பட்டுக்கரை வேட்டி உடுத்தி, ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் ஏந்திப் பெரியம்மாளிடம் சென்றார்.

பெரியம்மாள் தட்டை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"முடிவே பண்ணிட்டீங்களா! எந்த ஊருங்க நீங்க?"

"நல்லம்பள்ளி."

"வூட்ல பொண்ணு இருக்குதுங்களா?"

"தங்கச்சி தீர்த்தம்மா இருக்குது. அது எதுக்கு உங்களுக்கு?"

பெரியம்மாள் எதிர்க் கடையிலிருந்த அன்வர் பாஷாவை நோக்கிக் கண்ணடித்தாள்.

முனிராஜ் வெளியே விரைந்தார். கும்பல் தம் குடும்பத்தையே குறிவைத்துவிட்டதே! இந்நிலையில் ஊர் திரும்பினால் அவர்களுக்கு வழிகாட்டியதாகும் என்றஞ்சி, வீட்டுப்பக்கமே தலைவைக்காமல் பொம்மிடியையே சுற்றிச்சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பொறுமையிழந்த அவர் பெரியம்மாள் கடைக்குள் பாய்ந்தார்.

"நாளைக்குக் காதுகுத்து! மாதையன எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கிறதா? அந்தத் தட்டோடதான் அவர உங்க வூட்டுக்கே அனுப்பிட்டோமுங்களே!"

"எங்க வூட்டுக்கா?"

"முப்பத்தஞ்சு வயசாவுது, எங்கக்கா எனக்கொரு பொண்ணு பாக்கலேன்னு சண்ட போட்டுக்கிட்டு வந்து, பாஷா கடையில பஞ்சர் ஒட்டிக்கிட்டுக் கெடந்தாருங்க. நீங்க மாப்பிள்ள விசாரிக்க வந்தீங்க. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுன்னுவாங்க. நாங்க நாலுதான் சொன்னோம். உங்கம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஆளப் புடிச்சுப்போச்சாம். விருந்துச் சாப்பாட்ட விட்டு மாப்பிள்ள எந்திரிக்கவே இல்லியாம்."

முனிராஜ் சுவரைத் தேடிச் சாய்ந்தார்.

"பொண்ணோட அண்ணனத்தான் காணோமாமுங்க" என்றாள் பெரியம்மாள். "உங்கள யாரோ கடத்திட்டாங்கன்னு வூட்ல ஒரே அழுகையாம்."

முனிராஜ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பின்னர் மெல்லக் கேட்டார்:

"தருமபுரி பஸ் எப்பங்க? காணாமப் போனவன் கெடச்சுட்டான்னு நானே போய்ச் சொல்லிடறேன். நாளைக்கு மச்சானையும் காதுகுத்துக்கு நானே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."