கப்பலுக்கு கார்டு யாரு?

கப்பல் ஓடிய ஆறு நாளும், அது எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத பிரயாணி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருச்சிக்காரர். கப்பலின் வால்பக்கம் தன் டிரங்குப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, விட்டு வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டால், "பின்னாடி பாக்கறதுதான் தம்பி என் வேலை. முன்னாடி பாக்கறதுக்கு வேற ஆளு இருக்கான்" என்பார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். யாருக்கும் தெரியாது. பொன்மலைப்பட்டியில் அவர் வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட "கார்டு சார், லெட்டர்" என்றுதான் குரல் கொடுப்பார். முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கார்டாகக் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டியவர். நான் அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்குத் தினமும் பாசஞ்சரில் போய்வந்த குமாஸ்தா. எங்கள் சீசன் டிக்கெட் கோஷ்டியில் அவரால் பிளாட்பாரத்தில் விடப்படாத ஆள் கிடையாது. வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடி வருகிறவனைப் பார்த்து அவர் ஒரு புன்னகை செய்வார் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒரு அம்மாள் இரண்டு கையிலும் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். கார்டு சார் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடியை ஆட்டிவிட்டார். வண்டி காவிரிப் பாலத்தைப் பார்க்கக் கிளம்பியது. "யார் சார் அந்த அம்மா, அப்படித் திட்டறாங்க?" என்று ஜங்ஷனில் கேட்டேன்.

"என் சம்சாரம்."

"ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாமே சார்!"

"என் பொண்டாட்டிக்கு ஒரு நிமிஷம், கலெக்டர் பொண்டாட்டிக்கு ரெண்டு நிமிஷம்னு ஆரம்பிச்சா ராமேஸ்வரம் போற வண்டி எப்பங்க போய்ச் சேரும்?"

இப்பேர்ப்பட்ட மனிதர் ரிட்டையர் ஆனதும் நாங்களெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். என் தலையெழுத்து, எழுபதுகளின் கடைசியில் அவரோடேயே கப்பல் ஏற வேண்டியிருந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த என் அண்ணன், "ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போடா" என்று டிக்கெட் அனுப்பியிருந்தான். நாகப்பட்டினத்தில் போய் நிற்கிறேன், எனக்கு முன்னால் கார்டு சார், பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கார்டம்மா.

அந்தக் காலத்தில் அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய்த் தொங்கும் ஏணியில் ஏற வேண்டும். கார்டு சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிளாட்பாரமே இல்லாம ஆளை ஏத்தறானே, இது என்ன நிர்வாகம்!" என்று படகுக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

கார்டம்மா என் காதோரம் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. அவருக்கு மனசு சரியில்ல. பினாங்குல எங்க பொண்ணு ஸ்டெல்லாவுக்கு வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு ஆபரேஷன். மொதப் புள்ள தங்கல. இதையாவது மாதா எங்க கையில குடுக்கணும். அப்பா வந்து பக்கத்துல நின்னாத்தான் உள்ள போவேன்னு எழுதியிருக்கா."

கப்பல் வியாழக்கிழமை சாயங்காலமே பினாங்கு போய்விடும். நடுவில் ஒரு முழு இரவு கையில் இருக்கிறது. "அப்புறம் என்னம்மா கவலை?" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவைத்தேன்.

கப்பல் என்றால் லேசுப்பட்ட கப்பல் இல்லை. மாடிமேல் மாடி. மேலே பணக்காரர்களுக்குத் தனி அறை, நீச்சல் குளம், சாயங்காலமானால் பாட்டு, டான்ஸ். கீழே எங்களுக்கு ஒரு பெரிய கூடம், அதில் மேலும் கீழுமாக இரும்புப் படுக்கைகள், நூற்றுக்கணக்கான ஜனங்கள், அத்தனை பேருடைய ஊறுகாய் வாசனை. முதல் நாளே பாதிப் பேர் குப்புறப் படுத்துவிட்டார்கள். கார்டம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்தவர்தான், அப்புறம் அதிகம் எழுந்திருக்கவில்லை. கார்டு சார் மட்டும் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து, தமிழ் தெரிந்த ஒரு சிப்பந்தியைப் பிடித்துவிட்டார்.

"இந்தக் கப்பலுக்கு கார்டு யாருங்க?"

"கேப்டன் இருக்காரு பெரியவரே."

"அவரு டிரைவரு. நான் கார்டு யாருன்னு கேக்கறேன்."

"அப்படி யாரும் கெடையாதுங்க."

கார்டு சார் தலையில் கைவைத்துக்கொண்டார். இத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு கார்டே இல்லாமல் ஒரு வண்டி போகிறது! அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியை வால்பக்கம் இழுத்துப் போட்டார். அந்தியானால் பின்விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். எரிந்தால்தான் சாப்பிட வருவார். ஆபத்துக்கால ஒத்திகை என்று ஒருநாள் எல்லோருக்கும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஒத்திகை முடிந்து நாங்கள் கழற்றிக் கொடுத்தோம். அவர் கொடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டே தூங்கினார், அதைப் போட்டுக்கொண்டே ஜெபம் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. கிழக்கே போகப் போக நேரம் மாறுவதால், எல்லோரும் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைக்க வேண்டுமாம். இப்படி நான்கு நாள் தள்ளினால் பினாங்கு நேரம் வந்துவிடுமாம். நாங்கள் தள்ளினோம். கார்டு சார் இடதுகையை வலதுகையால் பொத்திக்கொண்டார்.

"யாரு உத்தரவு இது? முப்பத்தி நாலு வருஷத்துல இந்த வாட்சு ஒரு நிமிஷம் முன்னப் பின்ன போனதில்ல. கண்ட மைக்குல கண்டவன் சொன்னா தள்ளிடறதா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். பிளாட்பாரத்தில் தவித்து நின்ற பழைய நாளெல்லாம் நினைவுக்கு வந்து தொலைத்தது. முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "சமையல்காரங்க சீக்கிரம் தூங்கறதுக்குப் பண்ற வேலை சார் இது. நீங்க மாத்தாதீங்க" என்றேன். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மாத்த மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான், கப்பலில் இரண்டு மணி ஓட ஆரம்பித்தது. கப்பல் மணி ஒன்று, கார்டு மணி ஒன்று. வேலையில்லாதவர்கள் அவரிடம் போய், "ஐயா, ரயில்வே மணி என்னங்க?" என்று கேட்பதும், அவர் வினாடி சுத்தமாகச் சொல்வதும், இவர்கள் மறைவில் போய் விழுந்து விழுந்து சிரிப்பதும் தினசரி நிகழ்ச்சியாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தால், "இன்னும் நேரம் ஆகல" என்று உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் அவர் போனபோது ரசம்தான் இருந்தது. நான்காம் நாள் போனபோது பெஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவருக்குச் சோறு வாங்கி மூடிவைக்கும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. வாய்க்கொழுப்புக்கு வேண்டியதுதான்.

"உங்க வாட்சுல அஞ்சு மணிக்கே விடியுதே சார், சந்தேகமா இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கடல்ல மறைக்க என்ன இருக்கு? மரமா, மலைக்கோட்டையா? சூரியன் சீக்கிரமாத்தான் வரும்" என்று முடித்துவிட்டார்.

கார்டம்மாவிடம் சொல்லலாமென்று போனேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு அவருதான் தம்பி கடிகாரம். கல்யாணமான நாள்லேந்து நான் மணி பாத்ததே இல்ல" என்றார். விட்டுவிட்டேன். கரை வந்தால் தானாகத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் இன்ஜின் நின்றுவிட்டது. அத்தனை நாள் காலடியில் இருந்த அதிர்வு நின்றதும் கூடத்தில் ஒரே நிசப்தம். வண்டி நடுவழியில் நின்றால் கார்டு இறங்கிப்போய்ப் பார்க்க வேண்டும் இல்லையா? கார்டு சார் பழக்கதோஷத்தில் கம்பிவரைக்கும் வேகமாகப் போய், ஒரு காலைத் தூக்கிவிட்டார். நானும் அந்தச் சிப்பந்தியும் பாய்ந்து பிடித்தோம். பிறகு பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, "வண்டி நின்ற இடம்: கடல். காரணம்: தெரியவில்லை" என்று எழுதினார். அதற்குக் கீழே "வெள்ளி, 10 மணி" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்தார். அப்புறம் மிதவைச் சட்டையோடு விறுவிறுவென்று மேல் தட்டுக்கு ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே வெள்ளைக்காரக் கிழவர்கள் நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்கள். "வண்டி நடுவழியில நிக்குது, இவங்க குளிச்சிட்டிருக்காங்க பாரு!" என்று கத்தினார். ஓடி வந்த அதிகாரியிடம் தன் ரயில்வே இங்கிலீஷில் கேட்டார்: ஏன் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும், எழுதிக் கொடு. அந்த மனிதர் நல்லவர். ரிப்பேர் நடக்கிறது, வெள்ளிக்கிழமை காலையில் பினாங்கு போய்விடலாம் என்று தன்மையாகச் சொன்னார்.

"காலைலன்னா எத்தனை மணி?"

"எட்டு மணிக்குள்."

கார்டு சார் கீழே வந்தார். "எட்டுக்குப் போனா பத்துக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. போதும்ல தம்பி? போதும்ல?" என்று அன்று முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். போதும் சார், போதும் சார் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலையில் கப்பல் பினாங்கில் நின்றது. ஆனால் இறங்க விட வேண்டுமே! குடியேற்ற அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, மேல்தட்டுக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். அப்புறம் எங்கள் வரிசை, அனுமார் வால் மாதிரி. நான் மூட்டை கட்டுவதிலும் பாஸ்போர்ட்டைத் தேடுவதிலும் மும்முரமாக இருந்தேன். வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தபோது கார்டு சார் பெட்டிமேல் நிதானமாக உட்கார்ந்திருந்தார். ஆறு நாளில் அவர் முகத்தில் முதல்முதலாக ஒரு தெளிவு.

"நல்லவேளை தம்பி, சீக்கிரமே வந்துட்டான். ஏழேகால்தான் ஆகுது. நெறைய நேரம் இருக்கு."

ஐயோ! அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டுபோய், கரையில் தெரிந்த மணிக்கூண்டைக் காட்டினேன். "சார், பாருங்க சார். ஒம்பதே கால் சார். உங்க வாட்சு ரெண்டு மணி நேரம் பின்னால இருக்கு சார்."

பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி கூண்டைப் பார்த்தார். "சேசுவே" என்றார், அவ்வளவு மெதுவாக. முன்னால் இருநூறு பேர் நின்றார்கள்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பதினாலு பெட்டி தாண்டி இன்ஜின் டிரைவருக்குக் கேட்ட குரல் அது. "எல்லாரும் மன்னிக்கணும்! என் பொண்ணுக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன்! எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க!" என்று கத்தினார். முப்பத்து நாலு வருஷம் யாருக்கும் ஒரு நிமிஷம் கொடுக்காத மனுஷன், இருநூறு பேரைக் கும்பிட்டு ஒரு நிமிஷம் கேட்டார்.

வரிசை திரும்பியது. நடுவில் நின்ற பாலக்கரை பாய் ஒருவர் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க கார்டு சார்தானே? எங்க வாப்பாவப் பாக்கப் போறேன்னு ஓடியாந்தேன். லால்குடியில என்னைய விட்டுட்டுப் போனீங்க, நெனப்பிருக்கா?"

கார்டு சார் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"போங்க சார், முன்னால போங்க. அல்லா நல்லா வெப்பான்" என்று பாய் விலகினார். அவருக்கு முன்னால் நின்றவர் விலகினார். அவருக்கும் முன்னால் நின்றவர் விலகினார். கார்டம்மாவை ஒரு கையிலும் பாஸ்போர்ட்டுகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் போனார். "இவரு அவங்க கூட வந்தவரு" என்று என்னையும் தள்ளிவிட்டார்கள்.

என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணனின் கடை வேனில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது பத்து மணி ஐந்து நிமிஷம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் ஸ்டெல்லா படுத்திருந்தாள். உள்ளே முந்தின கேஸ் இன்னும் முடியவில்லையாம். தன் வாழ்நாளிலேயே அன்றுதான், லேட் பண்ணியதற்காக ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கார்டு சார் நன்றி சொன்னார்.

ஸ்டெல்லா அவரைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "நான் சொல்லல? எங்கப்பா வந்துருவார்னு" என்றாள். மிதவைச் சட்டையோடு நின்ற அப்பாவை அப்புறம்தான் கவனித்தாள். "என்னப்பா இது கோலம்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கதவு மூடியதும் என்னால் தாங்க முடியவில்லை. "சார், என்னை மன்னிச்சிடுங்க. வாட்ச மாத்தாதீங்கன்னு நான்தான் வெளையாட்டுக்குச் சொன்னேன். இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா..."

"நீ சொல்லி இல்ல தம்பி" என்றார். "கெழக்க போனா மணி மாறும்னு எனக்குத் தெரியாதா? படிச்சவன்தானே. அவளுக்குன்னு மணியை எண்ணிக்கிட்டு இருக்கேன், அவன் வந்து தெனம் அரைமணியத் தள்ளுன்னா... எம்பொண்ணுகிட்டேந்து அரைமணியப் பிடுங்கற மாதிரி இருந்துச்சுப்பா. கை வரல. அப்புறம் நானே என் வாட்ச நம்பிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. கார்டம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கார்டு சார் சுவரில் சாய்ந்து, மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து, திருச்சியில் என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். பெஞ்சில் கார்டு சார் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எப்ப சார் வந்தீங்க? யாரு சொன்னா?"

"உன் ஆபீஸ்ல சொன்னாங்க. எட்டு மணிக்கே வந்துட்டேன். நீ பயந்துக்கிட்டு நிப்பேன்னு தெரியும்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எனக்குப் பயமாக இல்லை.