மதகு வரைக்கும் ஓடும் வண்டி

இனிமேல் ஒரு அடி கூட நடக்கமாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது, மரக்காணத்தில் டாக்டர் என்னைத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்ன அதே நாளில்தான்.

உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சூப்பர்வைசராக இருக்கிற அற்புதராஜுக்குச் சர்க்கரை என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அனுஷியா சிரிக்கவில்லை. எனக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே மாதிரி இரண்டு ஜோடி ஷூ அனுப்பினாள். என் ஜோடி அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவில்லை. நான் இடையஞ்சாவடிக்குப் போய் ஒரு பைக் வாங்கி வந்தேன்.

சாதாரண பைக் இல்லை. சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி. டயரெல்லாம் பல். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர், மெக்கானிக் தட்சணாமூர்த்தியிடம் விட்டுப்போனது.

"இது எதுக்குங்க?" என்றாள் என் மனைவி லீமா.

"உப்பள வரப்புல ஓட்டுறதுக்கு."

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"மனுஷன் சக்கரத்தைக் கண்டுபிடிச்சி எவ்ளோ வருஷமாவுது தெரியுமா?"

"சுகரு மாத்திரையைக் கண்டுபிடிச்சி?"

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் சொல்கிறேன். அனுஷியா போனபிறகு எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கேஸ் தீர்ந்துடுச்சு. கரண்ட் பில் வந்துடுச்சு. அவ்வளவுதான் பேச்சு. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்காக ஏங்குகிறேன் என்று எந்தப் புருஷன் வாய்விட்டுச் சொல்வான்? எனக்கு ஓர் ஆசை. சாயங்காலம் அவளைப் பின்னால் உட்காரவைத்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மதகடிக்குப் போகவேண்டும். பாத்தியெல்லாம் சிவந்து கிடக்கும். வண்டியை அணைக்காமல் நிறுத்தவேண்டும். என் தோளில் கை வைத்துக்கொண்டு அவள் ஏதாவது பேசவேண்டும்.

அதற்கு வண்டி ஐடிலில் நிற்கவேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்காமல் விட்டாலும் அணைந்துபோகாமல் டுப்டுப்பென்று சும்மா ஓடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் ஐடில். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்படித்தான்.

"முதல்ல அது மதகடியில அணையாம நிக்கட்டும். அப்புறம் நான் ஏர்றேன்" என்றாள் லீமா.

சொன்னதோடு விடவில்லை. பிப்ரவரியில் மாதா கோயிலில் மந்திரித்துத் தந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்தாள். இடிமின்னலுக்கு மட்டுமே ஏற்றுகிற மெழுகுவர்த்தி அது. காலி டேங்கின் மூடியைக் கழற்றித் தனியாக எடுத்துப்போய், அதன்மேல் மெழுகைச் சொட்டிச் சிலுவை போட்டாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. இதை மட்டும் சுரண்டிடாதீங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த மெழுகைத் துணியால் கூடத் துடைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, ஆயிலும் கலந்து, மதகுக்குப் போனேன். வண்டி பறந்தது. மதகடியில் நிறுத்தினேன். டுப்டுப் என்றது. திடீரென்று மூச்சு வாங்கியது. அணைந்தது. இருபது உதை உதைத்தேன். என் முழங்கால்தான் ஸ்டார்ட் ஆனது.

தட்சணாமூர்த்திக்கு போன் போட்டேன்.

"பெட்ரோல் இருக்குதா?"

"ஆட்டினா குலுங்குது."

"அப்ப கார்ப்பரேட்டர்தான். உப்புக்காத்து. வீட்டுக்குப் போய், அதுல பெட்ரோல் போற சின்னத் துளை, பைலட் ஜெட்டு, அதைக் கழட்டி ஊது."

தனியாக மணலில் தள்ளமுடியாது. லீமாவுக்கு போன் போட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்து ரோடுவரைக்கும் வந்து, வரப்பில் நடந்து வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா சுண்டல். காலில் மகள் அனுப்பிய ஷூ. பையில் என்னுடைய ஷூவும் இருந்தது.

"செருப்போட தள்ளினா கால் வழுக்கும். போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். நான் முன்னால் தள்ள, அவள் பின்னால் கை வைக்க, வீடு வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது.

பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதினேன். செம்புக்கம்பி விட்டு அடைப்பு எடுத்தேன். மூடியைத் திறந்து பெட்ரோல் நிரப்பினேன். முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது. வாசலில் ஐந்து நிமிஷம் அருமையாக நின்றது. மறுநாள் மதகடியில் அணைந்தது.

"ஏர் ஸ்க்ரூவை முழுசா உள்ள போட்டு, ஒன்றரைச் சுத்து வெளிய எடு" என்றார் தட்சணாமூர்த்தி. எடுத்தேன். அணைந்தது.

"ஐடில் ஸ்க்ரூவை ஏத்து." ஏற்றினேன். கத்திக்கொண்டே போய் மதகடியில் அணைந்தது.

"கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல காத்து இழுக்குதான்னு சோப்புத்தண்ணி தெளிச்சுப் பாரு." பார்த்தேன். வண்டி சுத்தமானது. பிளக்கை மாற்றினேன். அப்போதும் அணைந்தது.

இப்படி மூன்று மாசம். கார்ப்பரேட்டரை நான் கழற்றாத நாள், நான் ஊரில் இல்லாத நாள். தினமும் சாயங்காலம் மதகடி, போன், சுண்டல், ஷூ, தள்ளல்.

ஆனால் தள்ளிக்கொண்டு வரும்போது லீமா பேசினாள். கேஸ், கரண்ட் பில் தவிர மற்றதெல்லாம் பேசினாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்லை" என்றாள் ஒருநாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

இருபத்தாறு வருஷத்தில் எனக்கு அப்படிச் சிரிப்பு வந்ததில்லை. வண்டி கையிலிருந்து நழுவிப் பாத்தியில் விழப் பார்த்தது.

போன வாரம் அதிசயம் நடந்தது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டைச் சரிசெய்து போனேன். மதகடியில் நிறுத்தினேன். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். டுப்டுப்பென்று அணையாமல் நின்றது வண்டி. மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

ஞாயிறு சாயங்காலம், சொன்ன சொல் தவறாமல் லீமா ஏறினாள். எட்டே நிமிஷத்தில் மதகடி. பாத்தி சிவந்து கிடந்தது. வண்டி அணையாமல் நின்றது. தோளில் கை. நான் ஆசைப்பட்டதெல்லாம் இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றேன்.

"என்னாது?"

"என்னமோ சொல்ல வந்தியேன்னு கேட்டேன்."

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க. புகை வேற. போலாம்."

அடுத்த எட்டு நிமிஷத்தில் வீடு. அவள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

நேற்று ஒரு தந்திரம் செய்தேன். மதகடியில் நானே பெட்ரோல் குழாயை மூடி வண்டியை அணைத்தேன். குரலைச் சோகமாக்கிக்கொண்டு போன் போட்டேன்.

"லீமா, வண்டி மறுபடியும் நின்னுடுச்சு. வர்றியா?"

"நிக்காதுங்க."

"நின்னுடுச்சும்மா."

"எப்படி நிக்கும்? மெழுகைத்தான் போன வாரமே குண்டூசியால குத்தி எடுத்துட்டேனே."

"எந்த மெழுகை?"

"டேங்க் மூடியில காத்துப் போறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்குதில்ல. சிலுவைக்கு நடுவுல அதை அடைச்சிருந்தேன். காத்து உள்ள போவலைன்னா பெட்ரோல் கீழ இறங்காது. எங்கப்பா இதே உப்பளத்துல ஆயில் என்ஜின் ஓட்டினவரு, எனக்குத் தெரியாதா?"

நான் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்மா அப்படிப் பண்ணே?"

"டாக்டர் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னாரு. நீங்க தள்ளிக்கிட்டே நடந்தீங்க. போன வாரம் ரிப்போர்ட் வந்துடுச்சு, சுகர் குறைஞ்சிடுச்சு. பாவம், போதும்னு விட்டுட்டேன். ஆமா, ஓடுற வண்டியை எதுக்கு நின்னுடுச்சின்றீங்க?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"உன்கூட நடக்கணும் போல இருந்துச்சு."

போனில் அவள் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டிருக்கலாமே" என்றாள்.

"இப்ப கேக்கிறேன். வா."

"இப்ப அடுப்புல குழம்பு கொதிக்குது. நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு எழுப்புறேன். தினமும் மதகு வரைக்கும் நடந்து போய் நடந்தே வரலாம், ரெண்டு மணி நேரம். வண்டி வேணாம், வித்துடலாம்."

"சரி" என்றேன். சபதம் போட்ட அதே வாயால்தான்.

குழாயைத் திறந்து ஒரு உதை விட்டேன். பாழாய்ப்போன வண்டி உடனே ஸ்டார்ட் ஆகி, அணையாமல் அழகாக நின்றது.