மண்வெட்டிக்கு மின்விசிறி

கோடை முடிய மூன்று வாரம் இருக்கும்போது லிப்ட் மெக்கானிக்குக்குப் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. வருஷம் பூராவும் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவைக்கிற மனிதர். இந்தப் பதினைந்து நாளும் தான் மேலேயும் போவதில்லை, கீழேயும் போவதில்லை, படுத்த இடத்திலேயே கிடப்பது என்று தீர்மானம் செய்துகொண்டார்.

தீர்மானத்தில் ஒரே ஒரு ஓட்டை. படுக்க இடமில்லை. வீட்டில் கட்டில் இருந்தது, சோபா இருந்தது. ஆனால் அங்கே படுத்தால் மனைவியின் கண்ணில் படும். அவர் கண்ணில் பட்டாலே அவளுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். குழாய் சொட்டும், ஜன்னல் கொக்கி கழன்றிருக்கும், பரண் தூசியாக இருக்கும். போன லீவில் சோபாவில் சாய்ந்து நாலாவது நிமிஷம் எழுந்து தண்ணீர்த் தொட்டி கழுவப் போனவர் அவர்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தை ஒட்டி, ஓர் அறை சும்மா கிடந்தது. உடைந்த நாற்காலிகளும் பழைய டயர்களும் கைப்பிடி போன வாளிகளும் அதில் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்து, ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டு, உள்ளே தாழ்ப்பாளும் வைத்துவிட்டால் ஆண்டவனே வந்து கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் அறையைக் கேட்க ஒரு காரணம் வேண்டும். மனைவி லேசுப்பட்டவள் இல்லை. கடைத்தெருவில் பெண்களுக்கான சலூன் ஒன்றில் பதினோரு வருஷமாக முடி வெட்டுகிறவள். எதிரே இருக்கிற தலை எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று திரும்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

லீவின் முதல் நாள் காலை, டீ டம்ளரோடு தோட்டத்தில் போய் நின்று தக்காளிச் செடியை உற்றுப் பார்த்தார். அதுவரை அந்தச் செடிகளை அவர் கவனித்தது குச்சியில் சட்டை மாட்டிக் கிழிந்தபோது மட்டும்தான்.

"இனிமே தோட்டத்தை நானே பார்த்துக்கிறேன். நீ பாவம், நாள் பூரா நின்னுட்டு வர்றே."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். தோட்டம் என்றால் மண்வெட்டி, கூடை, உரமூட்டை எல்லாம் வைக்க இடம் வேண்டும். பின் அறையைச் சரிசெய்துவிடலாம். செலவு பெரிதாக ஆகாது, வேலை நடக்கிற கட்டடங்களில் மிச்சம் மீதி கிடப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மனைவி அறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி அறையைப் பார்த்தாள். நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் பிடித்தது சனியன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஆள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். விடிந்ததும் முப்பது வாளி தண்ணீர். அவரைக்கொடிக்குப் பந்தல். காய்ந்துபோன வெள்ளரிக் கொடியை இழுத்துப் போடுவது. களை என்று நினைத்து ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு, அது மனைவி போன வாரம் விதைத்த முள்ளங்கி என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மறுபடி நட்டார். பாதி தலைகீழாக இருந்தது.

வெயில் ஏறியதும் அறை வேலை. பெயிண்ட் மூன்று டப்பாவில் மிச்சம் கிடைத்தது. கொஞ்சம் நீலம், கொஞ்சம் மஞ்சள், நிறைய வெள்ளை. முதல் இரண்டையும் கலந்தபோது வந்த நிறத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்த மனைவி வெள்ளையையும் ஊற்றச் சொன்னாள். இளந்தளிர் மாதிரி ஒரு பச்சை வந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. நாற்று வைக்க வெளிச்சம் வேண்டும், ஜன்னலைப் பெரிதாக்கினால் என்ன என்றாள். காற்று வரும் என்று அவரும் சந்தோஷமாகச் சுவரை இடித்தார். பறித்த காய்களை அலம்ப ஒரு குழாயும் தொட்டியும் இருந்தால் வீடு சேறாகாது என்றாள். தூங்கி எழுந்து முகம் கழுவ வசதி என்று அவர் குழாய் இழுத்தார். எருவை வீட்டுக்குள் தூக்கிவராமல் நேராகச் சந்திலிருந்தே கொண்டுவர ஒரு கதவு வேண்டும் என்றாள். ஆபத்து என்றால் தப்பித்து ஓட வழி என்று அவர் பழைய கதவு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். மண் தரையைக் கூட்ட முடியாது என்றாள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மிஞ்சிய ஓடுகளை வாங்கிவந்து தரை முழுக்கப் பதித்தார்.

பதினோராம் நாள் எதிர்வீட்டுத் தபால்காரர் வந்தார். ஓய்வுபெற்றவர். அவர் வீட்டில் பீரோ உடைந்து, அதன் ஆளுயரக் கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. மனைவி அதைக் கேட்டு வாங்கி, அறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நாற்றுகளுக்குப் போகுமாம். மெக்கானிக்குக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் தபால்காரர், தானும் அப்படி எங்கோ படித்திருப்பதாகச் சொல்லித் தலையை ஆட்டினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவர் துளை போட்டார்.

மறுநாள் தன் பங்குக்கு ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்தார். காற்றோட்டம் இல்லாவிட்டால் மண்வெட்டி துருப்பிடிக்கும் என்று விளக்கம் சொன்னார். மனைவி மறுபேச்சுப் பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மேலே நின்று கம்பியை முறுக்கியபோது, இவ்வளவு வெள்ளை மனசா இவளுக்கு என்று அவருக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

ஆக, பதிமூன்று நாள் போயிருந்தது. அவர் பகலில் ஒரு நிமிஷம்கூடப் படுக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் காய்த்துவிட்டன. பரவாயில்லை, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று கட்டிலைத் தூக்கப் போன நேரத்தில் சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு நாற்காலியை இறக்கினார்கள். கறுப்புத் தோல் போட்டது. பின்னால் சாயும். கால் வைக்கப் பலகை. கீழே மிதித்தால் மேலே போகும், விட்டால் இறங்கும்.

முடி வெட்டுகிற நாற்காலி அது என்று யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. சலூனில் பழசைக் கழித்திருப்பார்கள், புருஷன் சாய்ந்துகொள்ளட்டும் என்று இவள் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்று மனம் தானே ஒரு கதை கட்டிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று குறுகுறுத்தது. அன்று சாயங்காலம் மனைவி வந்ததும் அறைக்குள் கூட்டிப்போய் உண்மையைக் கக்கிவிட்டார்.

"இது சாமான் வைக்கக் கட்டின ரூம் இல்லம்மா. நான் படுத்துத் தூங்கக் கட்டினது."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே சந்தேகம். நீங்க ஃபேனைத் தூக்கிட்டு வந்தப்ப உறுதியாயிடுச்சு. மண்வெட்டிக்கு எங்கேங்க வேர்க்கப் போகுது?"

"அப்புறம் எதுக்கு ஏணியைப் பிடிச்சே?"

"நான் நின்னு வேலை செய்யற இடத்துல காத்து வேணாமா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். முடி விழுந்தால் ஒரே இழுப்பில் கூட்டிவிடலாம் போலிருந்த தரையைப் பார்த்தார். எரு வரவேண்டிய கதவையும் பார்த்தார். எருவுக்கா கதவு, வாடிக்கையாளருக்கு.

மனைவி நாற்காலியின் தோலைத் துடைத்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். சலூனில் கணக்கு முடித்துவிட்டாளாம். நாற்காலியை அவர்களே கொடுத்தார்களாம். பதினோரு வருஷம் அடுத்தவர் கடையில் நின்றது போதும் என்று தோன்றி மூன்று லீவாக இந்த அறையைக் கேட்டிருக்கிறாள்.

"ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்னீங்க. கேட்டா உங்களால முடியாது. கேக்காம விட்டா நீங்களே முடிச்சுடுவீங்க."

அவருக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் மூன்று தடவை 'பார்க்கலாம்' சொன்னது உள்ளே சுருக்கென்று குத்தியது. போதாததற்கு, ஓடுகள் மயிரிழை பிசகாமல் பதிந்திருந்தன. இவ்வளவு நல்ல தரையை ஒரு கட்டிலுக்கடியில் ஒளித்திருக்க வேண்டாம்தான் என்று அவருக்கே பட்டது.

நாளை மறுநாளோடு லீவு முடிகிறது, அதற்குள் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.

"பார்க்கலாம்," என்றாள் மனைவி.

மறுநாள் காலை காகிதம் சுற்றிய பலகை ஒன்றை அவர் கையில் கொடுத்து, சந்துக் கதவுக்கு மேலே அடிக்கச் சொன்னாள். அதற்குள்ளேயே இரண்டு பெண்கள் வந்து காத்திருந்தார்கள். அவர் மட்டம் வைத்துப் பார்த்தார். சரியில்லை என்று இறக்கி மறுபடி வைத்தார். நாலு மூலையிலும் நாலு திருகாணி, ஒவ்வொன்றும் இறுக்கமாக. காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கீழே இறங்கி, பின்னால் நகர்ந்து நின்று படித்தார். பெண்களுக்கு மட்டும். ஆண்கள் உள்ளே வரக் கூடாது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் காத்திருந்தவர்களில் ஒருத்தி. "இது லேடீஸ் வந்து போற வழி."