கௌளிநாதரின் வால்

ஒரு காட்டில் ஒரு பல்லி இருந்தது. காட்டில் பல்லிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். சீட்டுப் போட்டிக்கு நடுவர் வேலை. பெயர் கௌளிநாதர். ஊருக்கெல்லாம் உச்சுக்கொட்டிப் பலன் சொல்லும் குலத்தில் பிறந்து, வாயை மூடிக்கொண்டிருக்கப் பரீட்சை எழுதித் தேறியவர். சான்றிதழை இலையில் சுற்றிக் கக்கத்திலேயே வைத்திருப்பார். (இதைச் சொல்கிறவனும் ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்திருந்தான். சிரிக்க வேண்டாம்.)

அன்று இறுதி ஆட்டம். அணில் கீச்சம்மாவும் காட்டுப்பூனையும் மோதினார்கள். ஜெயித்தவருக்கு மழைக்காலம் முழுக்கப் பலாமரப் பொந்து. கீச்சம்மாவுக்கு மூன்று குட்டிகள். பூனைக்கு ஏற்கெனவே இரண்டு பொந்துகள்.

கீச்சம்மாவின் முன்னால் இரண்டு சீட்டுகள் கிடந்தன. அவள் முறை வரும்போதெல்லாம் பலாச்சீட்டு ஓர் உயிரைக் கூட்டும், கறையான் சீட்டு ஓர் உயிரைக் குறைக்கும். கூட்டிக் கழித்தால் சரியாகப் போகும். ஆனால் இரண்டையும் ஆடுகிறவளே மறக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் அவளிடம் மிச்சமிருந்ததோ ஒரே உயிர், அதுவும் போனால் தோல்வி.

முறை வந்தது. குட்டிகள் நினைப்போ என்னவோ, இரண்டையும் மறந்துவிட்டு வேறொரு சீட்டை இறக்கினாள்.

கௌளிநாதர் இரண்டையும் பார்த்தார். பலாச்சீட்டைச் சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார். நல்லதை மறந்தால் மறந்தவர் பாடு, நடுவர் மூச்சு விடக் கூடாது. கெட்டதை மறந்தால் மட்டும் நடுவர் குதிக்க வேண்டும். குதித்தார்.

"உச்! கறையானை மறந்துவிட்டாய். எச்சரிக்கை! எதிராளி விரும்பினால் இப்போதே நடக்கும்."

"விரும்பறேனுங்க," என்றது பூனை.

"அய்யோ சாமி, அப்ப என் பலாச்சீட்டு? அதையுந்தானுங்க மறந்தேன்?" என்றாள் கீச்சம்மா.

"அது உனக்கு நல்லது செய்வது. நேரம் போய்விட்டது. அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம்."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்கத்தானம்மா சான்றிதழ்."

கீச்சம்மா தோற்றாள். கௌளிநாதருக்கு மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தன் தீர்ப்பின் அழகில் தானே சொக்கிப்போய், விதிப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசித்தார். அப்போது பூனை அவர் வாலை மிதித்தது. ஆடி முடித்தால் அதற்குப் பசிக்கும்.

ஆபத்து வரும்போதெல்லாம் பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம். பரம்பரை வரம். கௌளிநாதரோ ஏழாம் பத்தியில் மூழ்கியிருந்தார்.

கீச்சம்மா பார்த்தாள். வார்த்தை வாய்வரை வந்தது. மழையில் நனையப்போகும் குட்டிகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பூனை இடுப்போடு கவ்வித் தூக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"வால்! என் வாலைக் கழற்ற மறந்துவிட்டேனே! கீச்சம்மா, நீ பார்த்தாய் அல்லவா?"

"பாத்தேனுங்க. அது உங்களுக்கு நல்லது செய்யற சங்கதியாச்சுங்களே."

வாய் நிறையப் பல்லியோடு பூனை சொன்னது: "நேரம் போயிடுச்சுங்க. அடுத்த கட்டத்துக்கு வந்துட்டோம்."

கௌளிநாதர் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது. பூனையின் தொண்டைக்குள்ளிருந்து ஒருமுறை "உச்" கொட்டி ஆமோதித்தார்.

நீதி: உனக்குக் கெட்டதை ஞாபகப்படுத்த ஊருக்கு ஊர் ஒரு நடுவர் இருக்கிறார். நல்லதை நீயேதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.