மண்டபம் நிறைய டாக்டர்கள் பார்த்த என் நெஞ்சு

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. நான் நலம். என் நெஞ்சும் நலம் என்று மண்டபம் நிறைய டாக்டர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், இனி நீ ஒருத்தி வந்து பார்க்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ குறுக்கே குறுக்கே அழுவாய், எனக்குக் கதை விட்டுப்போகும்.

நெஞ்சு பிடித்ததும் முதலாளி லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார் அல்லவா, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா வந்து, "டாக்டர்களுக்கு இதய ரத்தக்குழாய்ப் பயிற்சி நடக்குது, உங்களுக்குச் செய்யுறதை மண்டபத்துத் திரையில நேரா காட்டலாமா? முகம் தெரியாது" என்றாள். "எத்தனை பேரு பார்ப்பாங்க?" என்றேன். "மண்டபம் நிறைய." "அப்ப முகமும் தெரிஞ்சா பரவாயில்லைம்மா" என்றேன். உன் அண்ணி போன பிறகு நம் வீட்டுக்கு அத்தனை பேர் எங்கே வந்தார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், கடைசியில் நரைத்த தலை டாக்டர்களுக்கெல்லாம் என்னையே பாடமாக வைத்துவிட்டார்கள், பார்த்தாயா!

மணிக்கட்டில் குத்தி, நூல் மாதிரி ஒரு கம்பியை நெஞ்சு வரைக்கும் ஓட்டினார்கள், நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். மண்டபத்திலிருந்து பெரிய வாத்தியார் டாக்டர் ஸ்பீக்கரில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நம்மை யாராவது இப்படிக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று நினைத்து, நானும் ஆரம்பித்துவிட்டேன். "பகல்ல பரவாயில்லைங்க. சாயங்காலமானா வீடு ஒரு மாதிரி ஆயிடுது. டிவியப் போட்டுட்டு அடுப்படியில நிப்பேன், யாரோ பேசிட்டிருக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க இன்னும் கை வரலைங்க." அப்புறம் வாத்தியார் மெதுவாக, "அய்யா, நான் ரத்தக்குழாயக் கேட்டேன்" என்றார். மண்டபமே சிரித்தது! பக்கத்தில் நின்ற டாக்டர், "நீங்க பேசுங்க, கையை மட்டும் ஆட்டாதீங்க" என்றார், அவர் தோளும் குலுங்கியது.

பிறகு படத்தைக் காட்டி, ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வைக்கலாமா, வேண்டாமா என்று மண்டபத்தில் கைதூக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லோரும் 'வை' என்றே கை தூக்கினார்களாம். எனக்கு ஒரே குஷி. வைத்தால் வார்டில் இன்னும் கொஞ்சம் இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு கிடக்கலாம். ஆனால் அந்தக் கம்பி, அடைப்புக்கு முன்னாலும் பின்னாலும் ரத்த அழுத்தத்தை அளந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. வாத்தியார், "படத்தப் பாத்து ஏமாந்தீங்களா? ரோடு குறுகலாத் தெரியுது, வண்டி தடையில்லாமப் போகுது. நாங்க படிச்ச காலத்துல இந்த அளவு பாக்காமலே வச்சிருப்போம். இவருக்கு மாத்திரை போதும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். திரையை அணைத்தார்கள். "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். "சாப்பிடப் போயிட்டாங்கய்யா" என்றாள்.

வீட்டில் என்கூட யாராவது இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நீ வருகிறாய் என்று அவரிடம் சொன்னேன், உன்னிடம் வராதே என்கிறேன். நீ பிள்ளைகளை விட்டுவிட்டு எதற்கு அலைய வேண்டும்? நான் ராஜா மாதிரி இருக்கிறேன். சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருங்கள் எல்லோரும்.

இப்படிக்கு,
டாக்டர்களுக்கே பாடமான அண்ணன்

பின்குறிப்பு: எழுதி முடித்ததும், நன்றாக வந்திருக்கிறதே, யாருக்காவது வாசித்துக் காட்டலாம் என்று தாளோடு எழுந்து கூடம் வரைக்கும் போய்விட்டேன். வந்துவிடு தங்கச்சி. பஸ் ஏறியதும் சொல்லு.