திருவான்மியூரிலிருந்து தி.நகருக்கு ஒரு சுற்றுலா

நான் ஒரு சந்தேகப் பிராணி. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதையையும் பம்பரில் இருக்கும் நசுங்கலையும் ஒப்பிட்டு, எது பொய் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். மாடு குறுக்கே வந்துவிட்டது என்பார்கள். மாட்டைக் கூட்டி வரச் சொல்லாத குறையாக விசாரிப்பேன்.

அப்படிப்பட்டவனிடம், இருபதாவது கல்யாண நாளுக்கு ஊட்டி, கொடைக்கானல் எதுவும் வேண்டாம், நம்ம ஊரையே டூரிஸ்ட் மாதிரி சுற்றிப் பார்ப்போம் என்று மனைவி சொன்னால் எப்படி இருக்கும்? (இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.) எவ்வளவு கிளறியும் ஒன்றும் அகப்படவில்லை. தி.நகரில் ஓர் ஓட்டல் அறையை சுமதியே பதிவு செய்திருந்தாள். ஒரு நாள் முழுக்க அடுப்பு முகத்தில் விழிக்கக் கூடாது, யாரோ விரித்து வைத்த மெத்தையில் தூங்கி எழ வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பரிசு அது. கூடவே ஒரு நிபந்தனை: இன்றைக்கு நாம் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. "எனக்குத் தெரியும்" என்று நான் வாயைத் திறக்கக் கூடாது.

வீட்டு வாசலில் ஆட்டோ ஏறியதுமே சோதனை ஆரம்பித்தது. "இன்னா சார், ஊருக்குப் புதுசா?" என்றார் டிரைவர். ஆமாம் என்று சுமதி முந்திக்கொண்டாள். அடையாறு தாண்டி நேராக மயிலாப்பூர் போக வேண்டிய ஆட்டோ பட்டினப்பாக்கம் பக்கம் திரும்பி, மீன் கடைகளை எல்லாம் காட்டி, இதுதான் கடல் என்று அறிமுகமும் செய்து வைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓகோ, கடலா என்றேன்.

மயிலாப்பூர் குளத்தங்கரையில் அவளை நான் படம் எடுத்தேன், என்னை அவள் எடுத்தாள். பக்கத்தில் கணவரோடு நின்றிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர் என்று சுமதி அடித்துவிட்டாள்.

"அட, நாங்க பொள்ளாச்சிங்க. கோயமுத்தூர்ல எங்கீங்க?"

"காந்திபுரம்ங்க." என் மனைவிக்கு இந்த 'ங்க' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"காந்திபுரத்துல எங்கீங்க?"

சுமதி விழித்தாள். காந்திபுரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "பஸ் ஸ்டாண்டுங்க" என்றேன்.

அந்த அம்மா ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, ஃபோனைக் கொடுத்தால் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். எனக்குள் மணி அடித்தது. பட்டுச் சேலை, கனிந்த முகம், கையில் பிரசாதப் பை. ஃபோன் திருட வருகிறவர்கள் பின்னே திருடர் மாதிரியா வருவார்கள்? பரவாயில்லைங்க, எங்களுக்கு போட்டோ எல்லாம் பிடிக்காது என்று சொல்லி, அதுவரை எடுத்துத் தள்ளிய ஃபோனைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினேன். சுமதி குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மதியம் ஓட்டலுக்குப் போனோம். மேனேஜர் என் ஆதாரைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். உள்ளூர் முகவரி என்றால் அறை தருவதில்லையாம். திருவான்மியூரில் வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு என்றார். கல்யாண நாள் என்றேன். அவர் பார்த்த பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது. பம்பரை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"சேர்ந்து எடுத்த போட்டோ ஏதாவது காட்டுங்க சார், பார்க்கலாம்."

ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பம்பர், பம்பர், கதவு, தனியாகச் சுமதி, தனியாக நான், மறுபடி பம்பர். கல்யாண ஆல்பம் வீட்டுப் பரணில் இருந்தது, சுமதியின் ஆதார் வீட்டு பீரோவில்.

அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து இறங்கினார் பொள்ளாச்சி அம்மா. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் அதே ஓட்டலில்தான் தங்கியிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் உதவிக்கு ஓடி வந்தார். "இவிங்களையா? நல்லாத் தெரியுமுங்க. கோயமுத்தூர்க்காரங்க."

மேனேஜர் ஆதாரை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்போதே போலீசைக் கூப்பிட்டிருப்பேன். அவர் நல்ல மனிதர். யாராவது உறவினர் சொன்னால் போதும் என்றார். அடையாறில் இருக்கும் சுமதியின் அண்ணன் நம்பரைக் கொடுத்தோம். நாங்கள் பேசினால் சொல்லிக் கொடுத்துவிடுவோமாம், அதனால் ஓட்டல் ஃபோனிலிருந்து அவரே ஸ்பீக்கரில் போட்டார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதக்கணக்காக நான் உபதேசம் செய்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைத்து, உங்கள் உறவினர் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வைத்துவிடுங்கள் என்று. ஒருவரும் கட்டைவிரல்கூடக் காட்டியதில்லை. ஆனால் மச்சான் படித்திருக்கிறார்.

"சார், உங்க தங்கச்சி சுமதி இங்க ஓட்டல்ல ஒருத்தரோட நிக்கிறாங்க. அவர்தான் வீட்டுக்காரரான்னு நீங்க கன்ஃபார்ம் பண்ணணும்."

மச்சான் குரல் தெளிவாக வந்தது. "எனக்குத் தங்கச்சியே கிடையாது."

அண்ணே, நான்தான் என்று சுமதி சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டால் அந்த நம்பரையே பிளாக் செய்திருந்தார். (அதுவும் என் உபதேசத்தில் உண்டு.) நான் என் ஃபோனை எடுத்தேன். "போதும், வாங்க" என்று சுமதி பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஓட்டல் படியில் வந்து நின்றோம். அவள் கண் கலங்கியிருந்தது. வேறு ஓட்டல் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"ரூம் போனாப் போகுது. கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற படம் ஒண்ணுகூட இல்லையேங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய் பொள்ளாச்சி அம்மாவிடம், நாங்கள் திருவான்மியூர் என்று உண்மையைச் சொல்லி, நானே ஃபோனை நீட்டினேன்.

"அப்பவே நெனச்சனுங்க. பஸ் ஸ்டாண்டுல யாருங்க குடியிருப்பாங்க?" என்றபடி வாங்கிக்கொண்டார். சுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டு மெத்தையில்தான் தூங்கினோம். அடுத்த கல்யாண நாளுக்கு அந்த அம்மா வீட்டுக்கே கூப்பிட, பொள்ளாச்சியில் அவர் விரித்த மெத்தையில் சுமதி வெயில் ஏறும்வரை தூங்கினாள். அங்கே யாரும் ஆதார் கேட்கவில்லை.

இப்போதும் சுமதி ஃபோன் செய்தால் மச்சான் எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "எனக்குத் தங்கச்சியே கிடையாதே" என்பதுதான். அந்தப் படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் சுமதி வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் என் வலது கை மட்டும் கேமராவை நோக்கி நீண்டிருக்கும். ஆசீர்வாதம் பண்ணுகிறாரா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இல்ல, அந்தம்மா ஃபோனோட ஓடிட்டாப் பிடிக்கறதுக்கு" என்பாள் சுமதி.