கார்ப்பினெனின் செப்புக் குண்டு

"வலிக்கவே இல்ல, ஹில்க்கா. துளிகூட."

"ஊசின்னா குத்தும். குத்தினா வலிக்கும். வலிக்கலைன்னா எங்கியோ தப்பு நடக்குது."

"உனக்கு எதுலயும் சந்தோசப்படத் தெரியாது."

"நாப்பத்தோரு வருசமா உன்கூடக் குடித்தனம் பண்றேன் ஆர்வோ. சந்தோசப்படத் தெரியாமலா?"

போன ஜூன் மாதம் ஒரு காலையில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இது. பின்னாளில் ஹில்க்காவே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

ஆர்வோ ஓய்வுபெற்ற தச்சர். சர்க்கரை நோய் முற்றி, தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். வயிற்றில், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போடவேண்டும் என்று சுகாதார நிலையத்துச் செவிலி மெர்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் மெர்வியிடம் இருந்தது வெறும் படிப்பு. ரெய்மா கார்ப்பினெனிடம் இருந்தது தூண்டில் நரம்பில் தொங்கும் செப்புக் குண்டு. எது பெரிது என்று எங்கள் ஊர் ஹௌகிவாராவில் கேட்டுப்பாருங்கள்!

கார்ப்பினென் எங்களுக்குப் புதியவர் அல்ல. பூமிக்கு அடியில் கோடுகள் ஓடுகின்றன, அவற்றின் மேல் படுத்தால் நோய் வரும் என்று சொல்லி, முன்பே பாதி ஊரின் கட்டில்களை இடம் மாற்றியவர். என் கட்டிலையும்தான். மூன்று வருடமாக ஜன்னல் கதவைத் திறக்க முடியாமல் படுத்திருக்கிறேன்; முதுகுவலி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. கட்டில்கள் தீர்ந்துபோனதும் அவர் வயிறுகளுக்கு வந்தார். பூமியில் ஓடும் அதே கோடுகள் வயிற்றிலும் ஓடுகின்றனவாம். அவை சந்திக்கும் ஒரே புள்ளி நட்சத்திரப் புள்ளி. குண்டு அதைக் கண்டுபிடிக்கும். அங்கே மட்டும் குத்தினால் வலியே இருக்காது.

சனிக்கிழமைதோறும் ஏரிக்கரையில் ஊர்ப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவின் உடை மாற்றும் அறையில் தரிசனம். வாசலில் வரிசை. கொதிக்கும் ஆவியில் வெந்து, பனியில் உருண்டு, இடுப்பில் துண்டோடு நிற்கும் பெரிய மனிதர்கள். மின்சாரம் கோடுகளைக் கலைக்குமாம். அதனால் உள்ளே ஒரே ஒரு மெழுகுவத்தி. குண்டு சுற்றும். நீல மையால் ஒரு புள்ளி விழும்; அழிய அழிய வீட்டிலேயே அதே இடத்தில் மை தொட்டுக்கொள்ள வேண்டும். அதன் மேல் வைத்துக் குத்திக்கொள்ள நடுவில் ஓட்டை போட்ட செப்பு வளையம் ஒன்றையும் விற்பார். ஊசிகளுக்கு அரசாங்கம் காசு கேட்பதில்லை. ஓட்டைக்கு அறுபது யூரோ.

ஆர்வோவுக்கு முதல் மாதம் வலித்தது. "நம்பிக்கை பத்தல" என்றார் கார்ப்பினென். இரண்டாம் மாதம் வலி குறைந்தது. மூன்றாம் மாதம் இல்லவே இல்லை. ஊரே வியந்தது. வரிசை இரட்டிப்பாயிற்று.

வலி போனது, சர்க்கரை மட்டும் ஏறியது. எங்கள் ஊர் மீட்டரில் பத்தைத் தாண்டினாலே (சில நாடுகளின் கணக்கில் நூற்றெண்பது) மெர்வி முகம் சுளிப்பாள். ஆர்வோவின் மீட்டர் பதினாறு காட்டியது, பிறகு இருபத்திரண்டு. "அளவைக் கூட்டுங்க" என்றார் கார்ப்பினென், மருந்து ஏதோ அவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததுபோல. ஆர்வோ கூட்டினார். கண் மங்கி, செய்தித்தாளின் தலைப்பைத் தவிர எதையும் படிக்க முடியாமல் போயிற்று.

ஜனவரியில் ஒரு நாள் அவசரமாக வளையமில்லாமல் ஊசி போட்டுக்கொண்டு, ஆணி வாங்கக் காரில் கிளம்பினார். பாதி வழியில் உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. எங்கள் தெருமுனையில் வரிசையாக நிற்கும் பதினொரு தபால் பெட்டிகளில் ஒன்பதைச் சாய்த்துவிட்டுக் கார் பனிமேட்டில் ஏறி நின்றது. அந்த வழியாக வந்த தபால்காரி அவர் வாயில் பழச்சாறு ஊற்றியிராவிட்டால், நான் இப்போது வேறு மாதிரிக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

"பாத்தீங்களா!" என்று கார்ப்பினென் குண்டை உயர்த்தினார். "புள்ளிய விட்டு வெளிய குத்தினாரு. கோடு தண்டிச்சிருச்சு."

வரிசை இன்னும் நீண்டது. ஒருத்தர் சாகக் கிடந்தால்கூட அதுவும் விளம்பரம்தான்.

சுகாதார நிலையத்தில் மெர்வி அவரது வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். தொப்புளுக்கு வலப்பக்கம், பாதி உருளைக்கிழங்கு அளவுக்குத் தடிப்பு.

"ஒரே இடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாயிருக்கு ஆர்வோ. அங்க உணர்ச்சி செத்துப்போச்சு, அதான் வலிக்கல. மருந்தும் அதுக்குள்ளயே மாட்டிக்குது. ரத்தத்துக்கு ஒழுங்காப் போறதில்ல. நீங்க அளவைக் கூட்டிக்கிட்டே போயிருக்கீங்க. அன்னிக்கு ஊசி கட்டிக்கு வெளிய இறங்கிருச்சு. கூட்டின மருந்து மொத்தமா வேலை செஞ்சிருச்சு."

"கார்ப்பினென் வேற மாதிரி சொல்றாரே" என்றார் ஆர்வோ.

"அடுத்த தடவை தபால்காரி வராட்டி?" என்று ஹில்க்கா கேட்டாள். ஆர்வோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கள் ஊரில் அதற்குப் பேச்சு முடிந்தது என்று பொருள்.

ஹில்க்கா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ருசி பார்க்காமல் எதையும் பரிமாறமாட்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரு படுக்கை விரிப்பையும், ரொட்டி சுடும்போது தட்டில் விரிக்கும் மெல்லிய தாளையும், துணி மூடிய ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனாள்.

"கார்ப்பினென், உங்க குண்டு ஆளைப் பாக்குதா, வயித்தைப் பாக்குதா?"

"வயித்தைத்தான். மூஞ்சியப் பாத்துச் சொல்ல நான் என்ன ஜோசியனா?"

"அப்ப மூஞ்சி எதுக்கு? மறைச்சிருவோம்."

ஊரே பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விரிப்பு கட்டப்பட்டது. நடுவில் தட்டகல ஓட்டை. அதன் வழியாக நான்கு பேர் ஒவ்வொருவராக வயிற்றைக் காட்டினார்கள். குண்டு சுற்றியது, மை விழுந்தது. ஆர்வோவையே நடுவராக்கினாள் ஹில்க்கா. ஒவ்வொரு வயிற்றின் மேலும் அவர் தாளை வைத்து, தொப்புளையும் புள்ளியையும் பென்சிலால் குறித்து, பெயர் எழுதிக்கொண்டார். பிறகு நால்வரும் உள்ளே போய் ஆவியில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்தார்கள். மை போயிற்று. திரும்பி வந்து, வரிசையை மாற்றி, மறுபடி ஓட்டையில் வயிற்றை வைத்தார்கள்.

முதல் வயிறு, இரண்டாம் வயிறு... மூன்றாவதில் கார்ப்பினென் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா! என்ன அமைதியான உடம்பு! இவ்ளோ சுத்தமான கோட்டை இந்த ஊர்லயே நான் பாத்ததில்ல. அசையாதீங்க. மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க."

வயிறு அப்படியே அடக்கிக்கொண்டது.

குண்டு சுழன்றது. கார்ப்பினென் மைக்குச்சியோடு புள்ளியைத் தொட்டார். விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போயிற்று.

ஹில்க்கா விரிப்பை இழுத்தாள். பின்னால் மேசைமேல் சாய்த்துவைத்த தட்டில், நாளைய காப்பிக்கு ஏலக்காய் ரொட்டி சுட அவள் பிசைந்துவைத்த மாவு, கட்டைவிரலால் குத்திய தொப்புளோடு உப்பியிருந்தது. எங்கள் குளிர்காலத்து வயிறுகளின் நிறமும் அதுதான். மெழுகுவத்தியை மட்டும் குறை சொல்ல முடியாது.

"இதுக்கும் சர்க்கரை உண்டு" என்றாள் ஹில்க்கா. "ரெண்டு கிண்ணம் நானே போட்டேன்."

சிரிப்பில் மெழுகுவத்தி அணைந்தே போயிற்று. யாரோ விளக்கைப் போட்டார்கள். கோடு ஒன்றும் கலையவில்லை.

"கோதுமையும் பூமியிலதான விளையுது!" என்று கத்தினார் கார்ப்பினென். "அதுக்கும் கோடு இருக்கும்!" நம்புங்கள், வரிசையில் இரண்டு பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

நாலாவது வயிற்றையும் குறிக்கவைத்தாள் ஹில்க்கா. மீதி வேலையை ஆர்வோ செய்தார். மூன்று வயிறுகளின் மேலும் அவரவர் பழைய தாளை வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி நான்கு விரல் தள்ளி. ஒன்று ஒரு சாண் தள்ளி. ஒன்று தொப்புளுக்கு மறுபக்கமே போயிருந்தது. முதல் சுற்றில் வயிற்றைக் காட்டிய நால்வரில் மீதி ஒருவன் இன்னும் துண்டோடு ஓரத்தில் நின்றான். அவன் இடத்தைத்தான் மாவு பிடித்திருந்தது.

ஆர்வோ மெல்லக் கேட்டார்: "என் வயித்துலயும் இப்படித்தான் பிடிச்சியா, ரெய்மா?"

கார்ப்பினென் குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விரலில் மாவோடு கிளம்பினார். பக்கத்து ஊரில் வயிறுகளுக்கா பஞ்சம்?

ஐயா, அம்மா, பனியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கத் தெரிந்த கால்களுக்கு மேலே ஒரு தலையும் உண்டு. அடுத்த முறை அதையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

திங்கட்கிழமை மெர்வி முதல் வேலையாக மருந்தின் அளவைக் குறைத்தாள். நல்ல தோலில் குத்தினால், கூட்டிவைத்த அளவு ஆளையே சாய்த்துவிடும். வயிற்றைச் சில மாதம் சும்மா விடச் சொன்னாள். தொடையிலும் இடுப்புக்குக் கீழே பின்பக்க மேட்டிலும் மாற்றி மாற்றி, ஒரு விரல் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு முறையும் புது ஊசியில். குத்திய பின் பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆர்வோ சமையலறை நாற்காலியில் தொடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புது ஊசி. உணர்ச்சியுள்ள தோல். கை பாதி வழியில் நின்றது. கீழே வைத்தார், எடுத்தார். எங்கள் ஊர் ஆண்கள் பயமாயிருக்கிறது என்று சொல்வதைவிட அறுபது யூரோவுக்கு ஓர் ஓட்டையை வாங்கிவிடுவார்கள். கார்ப்பினெனின் தொழில் முழுக்க அதன் மேல்தான் நின்றது.

"வெளிய எத்தன டிகிரி?" என்று கேட்டார்.

"மைனஸ் பதினெட்டு."

"காப்பி இருக்கா?"

"உன் முன்னாடிதான் இருக்கு."

ஹில்க்கா திரும்பவில்லை. கறுப்பு ரொட்டியை அறுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் வாயைத் திறந்தால் அவர் மூடிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். கத்தி மட்டும் மெதுவாகப் போயிற்று.

"ஹில்க்கா."

"ம்."

"எனக்கு ஊசின்னா பயம். முதல் நாள்லேர்ந்தே." ஊசியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ போட்டுவிடுறியா?"